கணக்கில் வராத கை
(கற்பனை அணி ஆட்டம் குறித்து ஒரு சிறு ஆய்வு)

பொருளியல் மூன்றாமாண்டு மாணவன்

கல்லூரி மலரில் விளையாட்டு என்றால் ஆண்டறிக்கை ஒன்று வரும். வென்ற கோப்பைகளின் பட்டியல் வரும். குழுப் படத்தின் கீழே அமர்ந்திருப்போர் இன்னார், நிற்போர் இன்னார் என்று பெயர்கள் வரும். இம்முறை ஆடாமலே ஆடுகின்ற ஓர் ஆட்டத்தைப் பற்றி எழுதுகிறேன் என்று கேட்டபோது, மலர்க் குழுவினர் சற்றே தயங்கி, பிறகு இசைந்தனர். அவர்களுக்கு என் நன்றி.

செங்கற்பட்டு இரயில் நிலையத்தில், கொளவாய் ஏரிக் காற்று வீசும் நடைமேடையில், மாலை வண்டிக்குக் காத்திருக்கும் மாணவர் கூட்டத்தை நம் பேராசிரியர்கள் பார்த்திருப்பார்கள். நான்கைந்து பேர் ஒரே கைப்பேசியைச் சுற்றி நின்றுகொண்டு, "அவனைக் கேப்டன் போடு", "இவனைத் தூக்கிடு" என்று சண்டையிடுவார்கள். கேட்பவர்க்கு இவர்கள் ஏதோ ஓர் அணியின் நிர்வாகிகளோ என்று தோன்றும். அணி உண்டு, ஆனால் அதற்கு மைதானம் கிடையாது. அன்று நடைபெறும் உண்மையான போட்டியில் ஆடுகின்ற இரு அணியினரையும் கலந்து, தமக்குப் பிடித்தவர்களைத் தேர்ந்து ஓர் அணியைத் தாளிலோ திரையிலோ அமைப்பது. அந்த ஆட்டக்காரர்கள் களத்தில் ஈட்டும் ஒவ்வொரு செயலுக்கும் புள்ளி போடுவது. யாருடைய பட்டியலுக்குக் கூடுதல் புள்ளியோ அவர் வென்றார் என்பது. இதுதான் கற்பனை அணி ஆட்டம். ஆங்கிலத்தில் 'பேன்டசி' என்பர். நம் மாணவர்கள் சுருக்கமாக 'டீம் போடறது' என்கிறார்கள். இக்கட்டுரையில் நானும் அப்படியே சொல்கிறேன்.

நான் சடுகுடு ஆடுபவன். இடது கார்னரில் நிற்பவன். 'டீம் போடும்' பழக்கம் எனக்கும் இருந்தது, இன்னும் இருக்கிறது. ஆகவே வெளியே நின்று கல்லெறிபவனாக என்னை யாரும் எண்ண வேண்டா.

இந்த ஆட்டம் எங்கே பிறந்தது என்று தேடிப் போனால் அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள ஓக்லாந்து நகருக்குப் போய்ச் சேர்கிறோம். அந்நகரின் ஓக்லாந்து ரெய்டர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியில் சிறு பங்கு வைத்திருந்த வணிகர் பில் விங்கன்பாக். 1962ஆம் ஆண்டு அணியுடன் கிழக்குக் கரைக்குச் சென்றிருந்தபோது, நியூயார்க் நகர ஓட்டல் ஒன்றில் அணியின் அலுவலர் ஒருவரோடும் செய்தியாளர் ஒருவரோடும் அமர்ந்து இதன் விதிகளை வகுத்தார். மறு ஆண்டு, 1963இல், அவருடைய வீட்டிலேயே எட்டு அணிகளுக்கான முதல் தேர்வு நடந்தது. முதலாவதாக எடுக்கப்பட்ட ஆட்டக்காரர் ஜார்ஜ் பிளாண்டா. எட்டு அணிகளோடு தொடங்கியது பின்னர் மதுக்கடைகளுக்குப் பரவி, அலுவலகங்களுக்குப் பரவி, இணையம் வந்தபின் கோடிக்கணக்கானோரின் ஞாயிற்றுக்கிழமையாகவே ஆகிவிட்டது.

அமெரிக்கக் கால்பந்து என்பது நாம் அறிந்த கால்பந்தன்று. பந்தைக் காலால் உதைப்பது அதில் அருமை. கையில் இறுக்கிக்கொண்டு ஓடுவதும் எறிந்து பிடிப்பதுமே பெரும்பாலும். பக்கத்துக்குப் பதினொருவர். நூறு கெஜ நீளமுள்ள களத்தில், நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சி. எல்லைக்குள் பந்தைக் கொண்டு சேர்த்தால் ஆறு புள்ளி. நம் சடுகுடுவை அறிந்தவர்க்கு இது அந்நியமாகத் தோன்றாது. ஒருவன் எதிரியின் நிலத்துக்குள் புகுகிறான், அவனை மடக்கி மண்ணில் சாய்க்கப் பலர் பாய்கிறார்கள். இரண்டுமே நிலம் பற்றிய ஆட்டம்.

இதில் நம் கவனத்துக்குரிய செய்தி ஒன்றுண்டு. பந்தை எறிபவனுக்கு முன்னால் ஐந்து பேர் சுவர் போல் நிற்பார்கள். ஒவ்வொருவரும் ஆனைக்குட்டி. எதிரணி அவன்மேல் பாயாமல் தடுத்து, இரண்டு மூன்று வினாடி அவகாசம் வாங்கித் தருவதே அவர்கள் தொழில். அந்த மூன்று வினாடி இல்லையென்றால் எறிபவனும் இல்லை, பிடிப்பவனும் இல்லை, ஓடுபவனும் இல்லை. ஆயினும் வழக்கமான கற்பனை அணியில் இந்த ஐவருக்கும் இடமே கிடையாது. எறிபவனுக்குப் புள்ளி, ஓடுபவனுக்கு ஒவ்வொரு பத்து கெஜத்துக்கும் ஒரு புள்ளி, பிடித்து எல்லை சேர்ப்பவனுக்கு ஆறு. தடுத்து நின்றவனுக்குச் சுழியம்கூட இல்லை. ஏனெனில் சுழியம் போடுவதற்கும் பட்டியலில் பெயர் வேண்டுமல்லவா?

இதையெல்லாம் எனக்கு முதலில் சொன்னவர் என் தாய்மாமா. நம் மறைமலை நகரில் போர்டு கார்த் தொழிற்சாலை இருந்ததும், 2022இல் அதன் கார் உற்பத்தி நின்றதும் நாம் அறிந்தவை. மாமா அங்கே வேலை பார்த்தவர். 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நான்கு மாதப் பயிற்சிக்காக அவரை டெட்ராய்ட் பக்கம் அனுப்பினார்கள். அவ்வூர்க் கால்பந்து அணியான டெட்ராய்ட் லயன்ஸ், போர்டு குடும்பத்தாருக்கே உரியது. ஆடுகளத்தின் பெயரும் போர்டு பீல்டு. தொழிற்சாலையில் ஞாயிறு ஆட்டத்தைப் பேசாமல் திங்கட்கிழமை விடியாதாம்.

அந்த ஆண்டு லயன்ஸ் ஆடிய ஆட்டம் பதினாறு. தோற்றதும் பதினாறு. பதினாறு ஆட்டப் பருவம் முழுவதையும் தோற்ற முதல் அணி என்ற பெயர் அவர்களுக்கு வந்தது. ஊரே எழவு வீடு போல் இருந்தது என்பார் மாமா. ஆனால் அவருடைய பிரிவில் பன்னிரண்டு பேர் கூடி 'டீம் போட்டார்கள்'. ஓரிடம் காலியாக இருக்கவே, ஆட்டமே தெரியாத மாமாவை இழுத்து உட்கார வைத்தார்கள். அவர் உணவுக்கூடத்தில் காதில் விழுந்த பெயரைச் சொன்னார்: கால்வின் ஜான்சன். லயன்ஸ் அணியில் பந்து பிடிப்பவர். அந்தப் பருவத்தில் ஜான்சன் பிடித்து ஓடிய தொலைவு 1,331 கெஜம்; எல்லை சேர்த்தது 12 முறை. கெஜத்துக்கு 133, எல்லைக்கு 72, ஆக 205 புள்ளி. "டேய் மாப்ளே, ஊரு தோக்கத் தோக்க நான் ஜெயிச்சுக்கிட்டே இருந்தேன். சந்தோசப்படறதா வேணாமான்னு தெரியல" என்று அவர் சொல்லிச் சிரிப்பார். அந்த நீலத் தொப்பி இன்றும் எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது.

அவர் சிரித்துச் சொன்னதில் ஒரு பொருளியல் உண்மை உண்டு. அணியின் வெற்றி வேறு, அணியினுள் ஒருவன் ஈட்டும் எண் வேறு. இரண்டையும் பிரித்து, எண்ணை மட்டும் தனியே சந்தைக்குக் கொண்டுவந்ததுதான் விங்கன்பாக் செய்த காரியம். கார்ச் சந்தையில் எஞ்சினை மட்டும் கழற்றி விற்பது போல.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2008இல் இந்தியன் பிரீமியர் லீக் கிரிக்கெட் தொடங்கியது. அதே ஆண்டில் டிரீம் லெவன் நிறுவனமும் தொடங்கியது. 2014 சூலையில் எட்டு அணிகளோடு புரோ கபடி லீக் வந்தது. கிராமத்துப் புழுதியில் ஆடிய ஆட்டம் வண்ண விளக்குக்கும் பாய்விரிப்புக்கும் ஏறியது. ஐந்தாம் பருவமான 2017இல் பன்னிரண்டு அணிகளாகி, நம் மாநிலத்துக்குத் தமிழ் தலைவாஸ் கிடைத்தது. சடுகுடு என்றால் படிப்பு வராதவன் ஆடுவது என்று எண்ணியிருந்த எங்கள் ஊர்ப் பெரியவர்கள், தொலைக்காட்சியில் தலைவாஸ் ஆட்டம் வந்தால் சாப்பாட்டுத் தட்டோடு வந்து உட்காரத் தொடங்கினார்கள். இது சிறிய மாற்றமன்று.

தலைவாஸின் தொடக்க ஆண்டுகள் டெட்ராய்ட்டுக்குத் தம்பி முறை. பட்டியலின் அடியில்தான் எப்போதும். ஆனால் தலைவர் அஜய் தாக்கூர் 2017 பருவத்தில் இருநூறுக்கு மேல் ரைடு புள்ளி எடுத்தார். எங்கள் விடுதியில் அண்ணன்மார் தலைவாஸைத் திட்டிக்கொண்டே அஜய் தாக்கூரைத் தம் பட்டியலில் வைத்திருந்ததாகக் கேள்வி. மாமாவின் கதை அப்படியே செங்கற்பட்டில் நடந்திருக்கிறது.

2022இல் நடந்தது இன்னும் சுவையானது. அவ்வாண்டு ஏலத்தில் தலைவாஸ் பவன் செராவத்தை 2 கோடியே 26 இலட்சம் ரூபாய்க்கு எடுத்தது. முதல் ஆட்டம், குஜராத் அணியோடு. 'டீம் போட்டவர்கள்' கண்ணை மூடிக்கொண்டு பவனையே கேப்டனாக்கினார்கள். கேப்டன் எடுப்பதெல்லாம் இரட்டிப்பாகும் என்பது விதி. ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களிலேயே முழங்காலில் அடிபட்டு அவர் வெளியே தூக்கிச் செல்லப்பட்டார். அந்தப் பருவம் முழுவதும் ஆடவில்லை. எங்கள் அறையில் ஒருவன் கைப்பேசியைக் கட்டிலில் எறிந்தான். ஓர் ஆட்டக்காரரின் முழங்கால் போயிற்றே என்று அன்று எங்களில் ஒருவரும் சொல்லவில்லை என்பதை வெட்கத்தோடு குறிப்பிடுகிறேன்.

பவன் இல்லாத அந்த அணிதான் முதன்முறையாக அரையிறுதி வரை சென்றது! புதுமுகமான நரேந்தர் 240க்கு மேல் ரைடு புள்ளி குவித்தார். ஆனால் அந்த ஆண்டு தலைவாஸைக் காத்தது ரைடு மட்டுமன்று. வலது கார்னரில் நின்று தலைமை தாங்கிய சாகரும், இடது கார்னரில் நின்ற சாகில் குலியாவும், அவர்களுக்குப் பக்கத்தில் கைகோத்து நின்றவர்களும்தான் என்பது என் துணிபு. கார்னர்களின் பெயரைச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்றவர்களின் பெயர் எனக்கே உடனே நினைவுக்கு வரவில்லை. கட்டுரையின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

சடுகுடுவில் பிடிப்பது எப்படி நிகழ்கிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும். ஆண்களுக்கான களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். பாடி வருபவனுக்கு 30 வினாடி. எதிரே ஏழு பேர். இந்த எழுவரும் தனித்தனியே நிற்பதில்லை. இருவர் மூவராகக் கைகோத்து நிற்பர். இதைச் 'செயின்' என்கிறோம். ஓரத்தில் நிற்பவன் கார்னர்; அவன் கையைப் பற்றி உள்ளே நிற்பவன் 'இன்'; அதற்கும் உள்ளே கவர். பாடி வருபவன் கார்னரைத் தொட வருகிறான். கார்னர் பின்வாங்குகிறான். தொட நீட்டிய கால் திரும்பும் அந்தக் கண்ணிமைப்பில் கார்னர் கணுக்காலைப் பிடிக்கிறான். பிடித்தவுடன் இரண்டு வினாடிக்குள் பக்கத்துக்கை வந்து வழியை அடைக்காவிட்டால், வந்தவன் கார்னரையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தொட்டுவிடுவான். அப்போது பிடித்தவன் வெளியே, புள்ளி எதிரணிக்கு.

ஆகக் கணுக்காலைப் பிடிப்பது துணிவு. பிடித்ததை வெற்றியாக்குவது பக்கத்துக்கை. எப்போது பாயலாம், எப்போது வேண்டா என்று கார்னருக்குச் சொல்வதும் அந்தக் கைதான். உள்ளங்கையில் ஓர் அழுத்து அழுத்துவான். போ என்று பொருள். விரலைத் தளர்த்துவான், நில் என்று பொருள். பாடி வருபவனுக்கும் பார்வையாளனுக்கும் நடுவருக்கும் இது தெரியாது.

புள்ளிக் குறிப்பாளர் இதை எப்படி எழுதுகிறார்? அணிக்கு ஒரு புள்ளி. அதைத் தொடங்கி வைத்த ஒருவரின் பெயருக்கு நேரே ஒரு கோடு. பெரிய லீக்கிலும் டேக்கிள் புள்ளி ஒருவர் பெயரில்தான் ஏறும். ஈரான் நாட்டுப் பசல் அட்ராச்சலி 500க்கு மேல் டேக்கிள் புள்ளி சேர்த்து அந்த லீக்கின் தலைசிறந்த பிடிப்பாளராகத் திகழ்கிறார். அவரும் இடது கார்னர்தான். நம் தஞ்சைப் பகுதியிலிருந்து சென்ற தர்மராஜ் சேரலாதன், 2016இல் பாட்னா அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பை வாங்கித் தந்தவர், அவரும் கார்னர். அவர்களின் திறமையைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. கார்னருக்குக் கணக்கில் இடமுண்டு, அவன் கையைப் பிடித்தவனுக்கு இல்லை என்பதே நான் சொல்ல வந்தது. டெட்ராய்ட்டின் ஐந்து சுவர்க்காரர்களும் எங்கள் 'இன்'னும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

இது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரியவில்லை; 2025ஆம் ஆண்டு காணும் பொங்கலுக்கு மாமல்லபுரத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் இடையில் ஒரு கடலோர ஊரில் நடந்த இரவுப் போட்டியில்தான் தெரிந்தது.

பக்கத்து ஊர்ப் பையன்கள் சேர்ந்து ஆடும் அணி எங்களுடையது. எனக்குப் பக்கத்தில் 'இன்' நிற்பவன் அந்தக் கடலோரக் குப்பத்தைச் சேர்ந்தவன். நம் கல்லூரியில் என் வகுப்புத் தோழனுமாவான். விடுதி நண்பர்கள் இருபது பேர் போட்டி பார்க்க வந்திருந்தார்கள். பணம் வைக்காமல், ஒரு நீள நோட்டில் 'டீம் போடலாம்' என்று முடிவாயிற்று. ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு விலை. நூறு மதிப்புக்குள் ஏழு பேரை வாங்க வேண்டும். தொட்டால் 4, போனசுக்கு 2, பிடித்தால் 10. நானும் இன்னொருவனும் விலை போட்டோம். பேர்பெற்ற ரைடர்களுக்கு 22. எனக்கு 15. என் பக்கத்துக்கைக்கு 8. அதற்குக் கீழே விலை இல்லை.

நான்கு ஆட்டம் ஆடினோம். என் பெயரில் 14 பிடி ஏறியது, 140 புள்ளி. என்னை வாங்கிய ஆறு பேரும் தோளில் தட்டினார்கள். அவனை இருபது பேரில் ஒருவரும் வாங்கவில்லை. நானே வாங்கவில்லை! நான்கு ஆட்டத்தில் அவனுக்கு வந்தது ஒரே பிடி, 10 புள்ளி.

மறுநாள் காலை, கரைவலை இழுக்கும் இடத்தில் அவனுடைய தாத்தா வலைக்கயிற்றின் மேல் உட்கார்ந்திருந்தார். நாங்கள் நோட்டை வைத்துக்கொண்டு சண்டையிடுவதைப் பார்த்து என்னவென்று கேட்டார். விளக்கினோம். பொறுமையாகக் கேட்டவர், "இன்னாப்பா இது கணக்கு? வலை கரைக்கு வரும்போது மீனுக்குக் கிட்ட நிக்கிறவனுக்கு மட்டுமா பங்கு? கயிறு தொட்டவனுக்கெல்லாம் பங்கு உண்டு. வலைக்காரனுக்குக் கூட, இவனுக்குக் கொறைச்சல், அது வேற. ஆனா தொட்டவன் ஒருத்தன் பங்கில்லாம வூட்டுக்குப் போவ மாட்டான்" என்றார்.

கரைவலை என்பதை அறியாத உள்நாட்டு நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. படகில் வலையைக் கொண்டுபோய் அரைவட்டமாகக் கடலில் இறக்கிவிட்டு, இரு முனைக் கயிறுகளையும் கரையிலிருந்து பலர் வரிசையாக நின்று மணிக்கணக்கில் இழுப்பார்கள். மீன் விற்ற பணம் வலை உடையவருக்கும் இழுத்தவர்களுக்கும் பங்காகப் பிரியும். யார் இழுத்த இழுப்பில் எந்த மீன் வந்தது என்று எவரும் கேட்பதில்லை, கேட்கவும் முடியாது. பாடநூலில் கூட்டு உற்பத்தியில் ஒவ்வொரு உழைப்பாளரின் இறுதிநிலை விளைவை எப்படி அளப்பது என்று பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறோம். தாத்தா அதை அளக்க முயலவே இல்லை. கயிற்றைத் தொட்டானா என்று மட்டும் பார்த்தார்.

விடுதிக்கு வந்ததும் 'பங்கு முறை' என்று புது விதி எழுதினோம். ஒருவனே பிடித்தால் பத்தும் அவனுக்கே. துணைக்கை வந்திருந்தால், முதலில் பிடித்தவனுக்கு ஐந்து. மீதி ஐந்து, வந்து சேர்ந்த கைகளுக்குச் சமபங்கு. நண்பன் ஒருவன் நான்கு ஆட்டத்தையும் கைப்பேசியில் படமெடுத்திருந்தான். இரண்டு இரவு உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்து எண்ணினோம். என் 14 பிடியில் நான் தனியாகப் பிடித்தது மூன்றே மூன்று. மற்ற பதினொன்றில் துணைக்கை உண்டு. அதில் ஒன்பது அவனுடையது. என் 140, 85 ஆகச் சுருங்கியது. அவனுடைய 10, கவரோடு சேர்ந்து பிடித்தவற்றையும் கூட்டியதில், அறுபத்தேழரை ஆயிற்று. எட்டு விலைக்கு அறுபத்தேழரை! நோட்டு முழுவதும் தேடினாலும் அவ்வளவு மலிவான சரக்கு வேறில்லை. அவனுடைய கை உள்ளே அழுத்தியதைப் படத்தில் காண முடியவில்லை. அதற்கு நாங்கள் புள்ளி போடவுமில்லை.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்த இரண்டு இரவில் சடுகுடுவைப் பற்றிக் கற்ற அளவு, ஐந்தாண்டு ஆடியும் நான் கற்கவில்லை. 'டீம் போடுவது' மூளையைக் கெடுக்கும் என்று பொதுவாகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கூர்ந்து பார்க்கக் கற்றுத் தருகிறது. ஆனால் விதி எதைப் பார்க்கச் சொல்கிறதோ, கண் அதை மட்டும் பார்க்கும். எங்கள் விதியை மாற்றியதும் எங்கள் கண்ணும் இடம் மாறியது.

பணத்தைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். கைப்பேசியில் பணம் கட்டி ஆடும் பழக்கம் நம் மாணவர்களிடையே பரவியிருந்தது. முதலில் ஐம்பது ரூபாய், பிறகு வரம்பில்லை. எனக்கு நெருங்கிய ஒருவன் தேர்வுக் கட்டணத்துக்கு அவன் அம்மா தந்த பணத்தை ஒரே இரவில் ஒரு செயலியில் தொலைத்தான். நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து கட்டினோம். இது திறமை ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா என்று நீதிமன்றங்கள் பல ஆண்டு விவாதித்தன. 2017இல் பஞ்சாப்–அரியானா உயர்நீதிமன்றம் திறமை என்று கூறியது. பின்னர் நாடாளுமன்றம் இயற்றிய நிகழ்நிலை விளையாட்டுச் சட்டத்துக்கு 2025 ஆகஸ்டு 22இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடுவது கூடாது என்பது அதன் சாரம். பெரிய நிறுவனங்கள் பணப் போட்டிகளை நிறுத்திக்கொண்டன. விங்கன்பாக்கின் முதல் ஆட்டத்திலேயே சில்லறைப் பந்தயம் உண்டு என்பது உண்மைதான்; ஆனால் அவர் வீட்டில் அமர்ந்திருந்த எட்டு அணிக்காரர்களும் ஒருவரையொருவர் முகம் பார்த்து ஆடியவர்கள். தோற்றவன் யாரிடம் தோற்றான் என்று அவனுக்குத் தெரியும். கைப்பேசியில் என் நண்பன் யாரிடம் தோற்றான் என்பது அவனுக்கு இன்றுவரை தெரியாது.

பேராசிரியர்கள் பொறுக்க வேண்டும். இதை எழுதாமல் விட்டால் கட்டுரை பொய்யாகிவிடும்.

அதே ஆண்டு பிற்பகுதியில் ஓர் அணித் தேர்வு நடந்தது. எந்த அணி, எங்கே என்பது தேவையில்லை. எங்கள் பக்கத்திலிருந்து நானும் அவனும் சென்றோம். காலை முதல் மாலை வரை ஆட்டம். குறிப்பாளர் தாளில் என் பெயருக்கு நேரே ஐந்து கோடு. அவன் பெயருக்கு நேரே ஒன்றுமில்லை. ஐந்திலும் அவன் கை இருந்தது. தேர்வாளர்களில் வயதான ஒருவர் என்னை அழைத்து, தாளைக் காட்டி, "இதெல்லாம் நீயே பிடிச்சதாப்பா?" என்று கேட்டார். அவர் ஏதோ கவனித்திருக்கிறார் என்று இப்போது தோன்றுகிறது. பங்கு முறை எழுதிய நோட்டு அப்போது என் பையில்தான் இருந்தது. நான், "ஆமாங்க சார்" என்றேன்.

என்னை எடுத்தார்கள். அவனை எடுக்கவில்லை. திரும்பி வரும் பேருந்தில் அவன்தான் எனக்குச் சன்னலோர இடம் விட்டுத் தந்தான். அந்த அணியில் எனக்குப் பக்கத்தில் நின்றவன் வேறு மாவட்டத்துக்காரன்; நல்ல பலசாலி. ஆனால் அவன் கை எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. முதல் ஆட்டத்தில் மூன்று முறை பாய்ந்தேன். மூன்று முறையும் இழுபட்டு வெளியே போனேன். இரண்டாம் ஆட்டத்தில் என்னை உட்கார வைத்துவிட்டார்கள்.

இப்போது அவன் கல்லூரி நேரம் போக, மகேந்திரா சிட்டியில் ஒரு நிறுவனத்தில் இரவு முறை வேலைக்குச் செல்கிறான். மாலைப் பயிற்சிக்கு வருவதில்லை. தேர்வு நாளன்று நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை குப்பத்துக்குப் போனேன். தாத்தாவோடு சேர்ந்து கயிறு இழுத்துக்கொண்டிருந்தான். நானும் செருப்பைக் கழற்றிவிட்டு அவனுக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்தேன். சொன்னேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. "தெரியும்டா. நீ சொல்லும்போது நான் பின்னாடிதான் நின்னேன்" என்றான். வலை கரைக்கு வர இன்னும் நேரமிருந்தது.

சற்றுப் பொறுத்து அவனே கேட்டான்: "வர்ற பொங்கலுக்கு நோட்டு போடறீங்களா?"

"போடறோம். பங்கு கணக்குதான்."

"லீவு கெடைச்சா வரேன். என் வெலை எவ்ளோ?"

"பதினெட்டு."

"யாரும் வாங்க மாட்டாங்கடா" என்று சிரித்தான்.

அன்று எங்கள் பங்காகத் தாத்தா ஆளுக்கு ஒரு கூறு சங்கரா மீன் எடுத்துத் தந்தார். கடைசி அரைமணி மட்டும் கயிறு தொட்ட எனக்கும் அவனுக்கும் கூறு ஒரே அளவுதான் இருந்தது.